பயம் சொன்னதும் ஆறு சொன்னதும்

தண்ணீர் என்றால் எனக்குப் பயம். குளியல்தொட்டியில் கால் வைக்கக்கூடக் கைப்பிடி தேடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவளை லொங்குய்ய் நகரத்து ஆற்றங்கரைக்கு இழுத்து வந்தவர் என் கணவர் ஆனந்தராசா. அங்கே ஹவாய்க்காரி மாலியா சனிக்கிழமைகளில் தன் ஊர்ப் படகு ஓட்டப் பழக்குகிறாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண், என்னைவிட இருபது வயது இளையவள்.

படகுக்கு முன்னால் 'கிலோ' பழக வேண்டும். மீன்கடைக் கிலோ இல்லை. வாயை மூடிக்கொண்டு கரையில் குந்தி, காற்றையும் தண்ணீரையும் பறவைகளையும் பார்ப்பது. பிறகு அவரவர் கண்டதைச் சொல்ல வேண்டும். ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் படகு இறங்காது.

போன கிழமை நான் வேண்டாம் என்றேன். இந்தக் கிழமையும் சொன்னேன்.

"பயத்தில் சொல்கிறீர்களா, கண்டு சொல்கிறீர்களா?" என்று கேட்டாள் மாலியா.

"இரண்டும்தான்," என்றேன். வழக்கமாக நடு ஆற்றில் மிதக்கிற வாத்துகள் கரையோரம் ஒதுங்கியிருந்தன. மரங்களில் இலைகள் புரண்டு வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டின. மாலியா மேற்கே ஒருமுறை பார்த்துவிட்டுப் படகு இறக்குவதை நிறுத்திவிட்டாள்.

ஆனந்தராசாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"சாம்பவி, வெயில் எறிக்குது பாரும். உம்மட சொல்லைக் கேட்டா ஒருத்தரும் பாலம்கூடக் கடக்கேலாது."

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, காரில் கொண்டுவந்த தன் சின்னக் கயாக்கில் ஏறினார்.

"போகாதேங்கோ," என்றேன். கேட்டால்தானே.

அவர் நடு ஆற்றை எட்டியபோது காற்று வந்தது. தண்ணீர் கறுத்தது. கயாக் கவிழ்ந்தது. அதைக் கட்டிப்பிடித்தபடி அவர் தலை மேலும் கீழும் போனது.

யாரோ 911-ஐ அழைத்தார்கள். மாலியாவும் மற்றவர்களும் படகில் ஏறித் துடுப்போடு தயாரானார்கள். ஆனால் அவள் கிளம்பவில்லை.

"நாங்களும் கவிழ்ந்தால் அவரைத் தூக்க ஆளில்லை. காற்று இடையில் ஓயும். முதலில் கண்டவர் நீங்கள். எப்போது என்று சொல்லுங்கள்."

இதுவரை 'போகாதே' என்ற பயம், இப்போது 'போ, போ' என்று கத்தியது. அவர் தலையைப் பார்த்தால் நானும் கத்திவிடுவேன். அதனால் பார்வையைப் பிடுங்கித் தண்ணீரில் வைத்தேன். காற்று இறங்கும் இடங்கள் கறுப்புத் திட்டுகளாக வந்துகொண்டிருந்தன.

"பொறுங்கோ," என்றேன்.

எல்லோரும் என்னைக் கல்நெஞ்சுக்காரியைப் போலப் பார்த்தார்கள். ஒரு திட்டு கடந்தது. அவர் கை ஒருமுறை வழுக்கியது. இன்னொரு திட்டு. அதற்குப் பின்னால் தண்ணீர் அடங்கி வெளுத்துக் கிடந்தது.

"இப்ப போங்கோ."

கொண்டுவந்து சேர்த்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது.

அடுத்த சனி அவர்தான் முதல் ஆளாகக் கரையில் வந்து குந்தினார். எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். அவர் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றைவிட அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. ஒருநாள் நான் பிழையாகச் சொல்லிவிட்டால்?

"என்னைப் பாராதேங்கோ," என்றேன். "ஆத்தைப் பாருங்கோ."