படிவத்தில் இல்லாத நிறம்

நீலாவதி அப்பாவின் காக்கிச் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். அவர் சாவைப் பதிய அடையாள அட்டை வேண்டும். அதை வாங்கிப்போக, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி வீரமுத்து வாசலில் நின்றிருந்தார். கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் தலைமாட்டில் அம்மா மயிலம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள்.

அட்டை கிடைத்தது. சிவப்பு. மலேசியாவில் குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம், இல்லாதவர்களுக்குச் சிவப்பு. உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே அவள் அதை அப்படித்தான் பிடிப்பாள்.

“இந்தச் செவப்பு ஐசியாலதான்மா எல்லாம்,” என்றார் வீரமுத்து. “அண்ணன செரம்பான் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் எழுதிக் குடுத்துட்டாரு. கம்பெனி வேன் வேணும்னா இந்த வருசத்துலேருந்து கம்ப்யூட்டர்லதான் பாரம் போடணும். ஐசி கலருன்னு ஒரு கட்டம். தட்டுனா நீலம் மட்டுந்தான் வருது. காலியா விட்டா அனுப்ப மாட்டேங்குது. மூணு நாளு மல்லுக்கட்டுனேன். ஹெட் ஆபீஸுக்குப் போன் பண்ணா, பாரத்துலயே அனுப்பு லா-ங்கறான்.”

நேற்றுக் காலை அப்பா ஆஸ்பத்திரிக்குத் தாமாகவே கிளம்பினார். கோலா கிளாவாங் சாலையில் பஸ் வருவதற்குள், நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டார்.

அந்தப் படிவத்தைச் செய்தவள் நீலாவதி. செரம்பான் தலைமை அலுவலகத்தில், கம்பெனியின் இணையப் பக்கங்களை நடத்தும் மென்பொருளில், ஒவ்வொரு கட்டமாகச் சேர்த்துச் செய்தாள். சிவப்பு அட்டைக்காரர்கள் இன்னும் தோட்டங்களில் இருக்கிறார்களா என்று கூட்டத்தில் மேனேஜர் கேட்டபோது, எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். தோட்டத்துப் பெண் அவள் ஒருத்திதான்.

“யாரும் இல்ல சார்,” என்றாள்.

‘நீலம்’ என்று மட்டும் சேர்த்துவிட்டு, ‘கட்டாயம்’ என்ற இடத்தில் டிக் அடித்தாள். இன்னொரு நிறத்துக்கு இன்னொரு வரி போதும்.

“எம் மகளும் கம்ப்யூட்டர் வேலதான பாக்குறா?” என்றாள் அம்மா. “அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல, கிராணி ஐயா?”

“கேக்குறேன்னுதான் சொன்னேன்க்கா. அண்ணன் எங்க விட்டாரு? அப்பன் செவப்பு ஐசின்னு தெரிஞ்சா ஆபீஸ்ல புள்ளைக்குத் தலகுனிவு, வேணாம்னுட்டாரு.”

நீலாவதி சட்டையை மடித்தாள். பிரித்து மறுபடியும் மடித்தாள்.

“வேற யாருக்கும் பாரம் போகலயா?”

“நாலு பேருக்கும்மா. முனியாண்டி பொஞ்சாதி திங்கக்கெழம செரம்பான் டாக்டரப் பாக்கணும்.”

“ஆபீஸ் சாவிய குடுங்க ஐயா.”

“அண்ணனத் தூக்க ரெண்டு மணி நேரந்தான் இருக்கு. இப்ப எதுக்குமா?”

“அந்தப் பாரத்துல ஒரு வரி சேக்கணும். இங்கேருந்தே செய்யலாம். எனக்குத் தெரியும்.”

வீரமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கூடத்தில் கிடந்தவரைப் பார்த்தார். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றி நீட்டினார்.

வாங்கிக்கொள்ள அவள் கையை விரித்தாள். வியர்வையில் அட்டை உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.