கோடைக்காற்று எந்தப் பக்கம்?

அந்தக் கட்டடம் மூச்சு விடும் என்று திறப்புவிழா அழைப்பிதழிலேயே அச்சடித்திருந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் மூச்சு விடுவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

காரைக்காலிலிருந்து பூவம் போகிற சாலையில், வயல்களுக்கு நடுவே, எண்பதுகளின் தொடக்கத்தில் எழுந்த தொழிற்பள்ளி அது. தச்சு, மின்கம்பி, தையல் என்று மூன்று பிரிவுகள். முதலிரண்டும் பையன்களுக்கு, அவற்றுக்கு அங்கீகாரம் எப்போதோ வந்துவிட்டது. தையல் மட்டும் அந்தரத்தில் நின்றது. முதல் வருஷப் பிள்ளைகள் பரீட்சையில் தேறினால் பிரிவு உண்டு, தேறாவிட்டால் கிடையாது என்று மேலிடம் சொல்லியிருந்தது. தையல் டீச்சர் அந்தோணிமேரி வீடு வீடாக ஏறி இறங்கிப் பெண்பிள்ளைகளைச் சேர்த்திருந்தாள். "ஆறேழு மாசம் பொறுத்துக்குங்க. சர்ட்டிபிகேட்டோட அனுப்புறேன், அது என் பொறுப்பு" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லியிருந்தாள்.

கட்டடத்தை வரைந்தவர் பிலோமின்ராஜ். பாரிசில் படித்துவிட்டுப் புதுச்சேரியில் வந்து இறங்கியவர். பிரெஞ்சுத் துரைகளைக் கூப்பிடுவதுபோல ஊரில் அவருக்கு முசியே என்று பெயர். முசியேவுக்கு சிமெண்ட் ஆகாது, கண்ணாடி ஆகாது, மின்விசிறி அறவே ஆகாது. மண்ணும் சுண்ணாம்பும்தான் பிடிக்கும். காரைக்காலில் அவர் தங்கிய விடுதி அறையில் மட்டும் மின்விசிறிகள் இரண்டு, அவர் வெளியே போயிருக்கும்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்.

நிலம் பார்க்க வந்த அன்று, "இயற்கையைக் கேட்காமல் ஒரு கோடுகூடப் போட மாட்டேன்" என்றார். இயற்கை வாயைத் திறக்காததால் கூடியிருந்தவர்களைக் கேட்டார்.

"கோடைக்காற்று எந்தப் பக்கமிருந்து வரும்?"

அவர் மனசில் இருந்தது, கோடை காலத்தில் உடம்புக்கு இதமாக வீசும் காற்று. எங்கள் பக்கத்தில் கோடைக்காத்து என்பது ஒரு காற்றின் பெயர். வைகாசிக் கடைசியில் கிளம்பி ஆடி முடிகிறவரை மேற்கேயிருந்து அனலையும் புழுதியையும் வாரிக்கொண்டு வருகிற காற்று அது. அது அடிக்கும்போது மேலண்டைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் இலையில் சோறு போடுவார்கள்.

"மேற்கே!" என்றது கூட்டம் ஒரே குரலாக. பள்ளியின் தாளாளர் திருஞானசம்பந்தம் கையை நீட்டிக் காட்டினார். அந்தோணிமேரியும் காட்டினாள். எதற்குக் கேட்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. படித்த மனுஷன், தடுக்கத்தானே கேட்பார்? முசியே பரவசமாகத் தாளில் ஓர் அம்புக்குறி போட்டார்.

அப்படித்தான் மேற்குச் சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையாக எழும்பியது. கடற்காற்று வரக்கூடிய கிழக்கே, மழைச்சாரலுக்குப் பயந்து, எலி நுழைய இடமில்லாத சுவர். பெண்களுக்குத்தான் நல்ல காற்று வேண்டும் என்று முசியே தையல் வகுப்பை மேலண்டை அறையில் வைத்தார்.

திறப்புவிழா தை மாதத்தில். தை மாதத்தில் மாட்டுக்கொட்டகைகூடக் குளுகுளுவென்றுதான் இருக்கும். "திசைக்கொரு காற்று, காற்றுக்கொரு பெயர் என்று வைத்தவன் தமிழன்! கோடைக்காற்றே, உன்னை வரவேற்கிறோம்!" என்று முழங்கினார் தாளாளர். கைதட்டல். இந்த வரவேற்பு உரியவருக்குப் போய்ச் சேர ஆனி பிறந்துவிட்டது.

பிறகு அது வந்தது. வெட்டி வைத்த துணியெல்லாம் எழுந்து நடமாடியது. மிஷினில் விட்ட எண்ணெயில் புழுதி விழுந்து களியாயிற்று. ஓட்டை வழியே விழுந்த வெயில் துணியெங்கும் பொட்டுப் பொட்டாக நின்றதால் சாக்குக்கட்டிக் கோடு எது, வெளிச்சம் எது என்று தெரியவில்லை. பிள்ளைகள் வெயிலின் மேல் தையல் போட்டார்கள்.

"டீச்சர், என் ஜாக்கெட்டோட இடது கை தச்சுப் பட்டறைக்குப் போயிருச்சு" என்று வந்து நின்றாள் அல்லி. வகுப்பிலேயே கைவேலை சுத்தமானவள் அவள்தான். "அந்தப் பயலுவ குடுக்க மாட்டேங்குறானுவ. கைய வச்சுக்கிட்டு, மிச்ச உடம்பு எங்கேன்னு கேக்குறானுவ."

அந்தோணிமேரி முசியேவைப் பார்க்கப் போனாள்.

"ஐயா, நீங்க கேட்டது ஒண்ணு, நாங்க சொன்னது ஒண்ணுங்க."

"காற்று மேற்கேயிருந்துதானே வருகிறது?"

"வருதுங்க."

"அறைக்குள் வருகிறதா?"

"அறைக்குள்ளதாங்க வருது."

"அப்புறம் என்ன? கட்டடம் வேலை செய்கிறது!"

"அனலா வருதுங்க."

முசியே யோசித்தார். "அது காற்றின் குறை" என்றார்.

அவள் திரும்பி வந்து, உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து மேற்குச் சுவரை மூடினாள். உள்ளே இருட்டு, புழுக்கம். ஆனால் துணி வைத்த இடத்தில் இருந்தது. வாசல் வெளிச்சத்தில் முறைபோட்டு உட்கார்ந்து பிள்ளைகள் தேறி வந்தார்கள். அல்லியின் கழுத்துப் பட்டியைப் பார்த்தால் கடையில் வாங்கியதோ என்று தோன்றும்.

ஆடியில், பரீட்சைக்கு முந்தின நாள் தாளாளர் வந்தார்.

"மேரிம்மா, டெல்லியிலேருந்து குழு வருது. நம்ம கட்டடத்தை விருதுக்குப் பாக்குறாங்க. இந்தக் கோவணத்தையெல்லாம் அவுத்துருங்க."

"ஐயா, நாளைக்கு எங்களுக்குப் பரீட்சைங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு. பிள்ளைங்க தைக்கிற மாதிரியே இருக்கும்."

"தைக்கவே தைப்பாங்க ஐயா. மாதா கோயில் மண்டபத்துல வச்சுக்கிறோமே? சாமியார்கிட்ட நான் கேக்குறேன்."

"ஆளில்லாத அறையைப் போட்டோ எடுத்தா நல்லாவா இருக்கும்? கட்டடம்னா உபயோகத்துல இருக்கணும்மா. அதுக்குத் தனி மார்க்காம்."

"சாக்கை எடுத்துட்டா ஒண்ணும் தைக்க முடியாதுங்க."

"நானே மேடையில கோடைக்காத்தை வான்னு கூப்பிட்டிருக்கேன். இப்பச் சாக்கைப் போட்டு மறைச்சா என் மானம் என்னாவுறது?"

மானத்துக்கு முன்னால் சாக்கு எம்மாத்திரம்? அவர் இருந்து அவிழ்க்கவைத்தார்.

மறுநாள் கோடைக்காற்று, டெல்லியிலிருந்து வந்தவர்களை ஏமாற்றவில்லை. பரீட்சை அதிகாரி மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வாசலோரம் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒரு கையால் துணியையும் ஒரு கையால் தாவணியையும் பிடித்தார்கள். மிஷின் சக்கரத்தைச் சுற்ற மூன்றாவது கையில்லை. அல்லியின் கழுத்துப் பட்டி பறந்தது. அவள் எழுந்து துரத்தினாள். அவள் பின்னால் இன்னும் ரெண்டு பேர், அவரவர் துணியைத் துரத்திக்கொண்டு. அந்த நேரம் பார்த்துக் குழு உள்ளே நுழைந்தது.

"அடடா, என்ன உயிரோட்டம்!" என்றார் குழுத் தலைவர். போட்டோ எடுத்தார்கள். முசியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் புழுதி விழுந்திருக்க வேண்டும்.

அவர்கள் போனபிறகு அதிகாரி டேப்பை எடுத்து அளந்தார். தோளும் தோளும் ஒட்டவில்லை. கோணல் தையல், மண்ணும் எண்ணெயும் அப்பிய துணி.

"ஐயா, நேத்து வரைக்கும் நல்லாத் தைச்ச பிள்ளைங்க" என்றாள் அந்தோணிமேரி.

"நேத்து நான் வரலியேம்மா" என்றார் அவர். கெட்ட மனுஷர் இல்லை. இருமிக்கொண்டே எல்லோருக்கும் சைபர் போட்டார்.

ஆவணியில் ரெண்டு செய்தியும் ஒரே வாரத்தில் வந்தன. கட்டடத்துக்கு விருது. தையல் பிரிவுக்கு, மாணவிகளிடம் ஆர்வம் இல்லாத காரணத்தால், அங்கீகாரம் இல்லை. மிஷின்களை வண்டியில் ஏற்றிக் காரைக்காலுக்கு அனுப்பினார்கள். சாமான் ஒழிந்ததும்தான் அறையின் அழகே தெரிகிறது என்று முசியே மெச்சினாராம்.

அந்தோணிமேரி வெறும் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அல்லியின் அம்மா லோகாம்பாள் வந்தாள்.

"டீச்சரம்மா, அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம்னு சொல்றாங்களே?"

"வகுப்பு இருந்தாத்தானே அக்கா எழுத."

லோகாம்பாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"சம்பா நடவுக்கு ஆள் கேக்குறாங்க. பிள்ளை, டீச்சரைக் கேக்காம வரமாட்டேங்குது. ஒங்க பொறுப்புல விட்டதுல்ல? அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

அந்தோணிமேரி குவித்த புழுதி அறையெங்கும் மறுபடி பரவிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

"கூட்டிட்டுப் போங்கக்கா" என்றாள்.