முதலாளியின் சிரிப்பு நிற்கவில்லை

மனித குலத்துக்கு இதனால் அறிவிப்பது: நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, எங்கள் கம்பெனி வாஷிங் மெஷினுக்குத் தொடுதிரை வந்துவிட்டது. முதல் பக்கத்தில் முதலாளியின் படம். உதடு மெல்ல விரியும்; பல் ஒவ்வொன்றாகத் தெரியும். அடுத்த பக்கத்துக்குப் போனால்தான் எந்தத் துணி என்று சொல்லித் துவைக்க முடியும்.

அங்கே போகும்போதுதான் சில சமயம் மெஷின் அப்படியே உறைந்தது. உறைந்தால் கதவும் திறக்காது. இப்போது உள்ளே கிடந்தது முதலாளியின் வெள்ளைச் சட்டை.

"நாளைக்கு டீலர்கள் முன்னாடி இப்படி நின்னா, நீ வேற வேலை பாத்துக்கம்மா," என்றார் அவர், புரோகிராம் எழுதியவளிடம். அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

மெஷினைச் சோதித்துப் பார்ப்பது அவளுடைய அண்ணி. வீட்டில் நாத்தனாரிடம் குறை கண்டுபிடித்துப் பழகியவள். ஆபீஸில் அதற்குச் சம்பளமும் கிடைத்தது.

"சிரிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா ஒண்ணும் ஆகல. பாதிச் சிரிப்புல அடுத்த பக்கம் போனாதான் படுத்துக்குது."

"பக்கம் மாறினதும் பழசை அழிச்சு, மெமரியைக் காலி பண்ணிடறேனே அண்ணி!"

"பக்கத்தை அழிச்ச. சிரிப்பை நிறுத்தினியா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பழைய பக்கம் வீட்டைக் காலி செய்து, துணிப் பட்டியல் அங்கே குடிவந்தும் ஆயிற்று. சிரிப்பு மட்டும் பழைய சாவியோடு உள்ளே நுழைந்து, பட்டியலின் மேல் மிச்சப் பற்களை வரைந்துகொண்டிருந்தது.

"பேசாம பழசை அழிக்காமலே விட்டுடவா?"

"நாலு தரம் போயிட்டு வந்தா மெமரி ரொம்பிடும். போன வாரம் அதைத்தானே பண்ணின, மகராசி!"

முதலில் சிரிப்பை நிறுத்து. புதுப் பக்கத்தைக் காட்டு. பிறகு பழையதை அழி. இந்த வரிசையில் அவள் மாற்றி எழுதியதும் கதவு திறந்தது; சட்டையை வாங்க முதலாளி வந்து நின்றார்.

"என் சிரிப்புல என்ன கோளாறு?"

"சிரிப்பு நல்லாத்தான் இருக்கு சார். எப்ப நிறுத்தணும்னுதான் அதுக்குத் தெரியல."

அண்ணிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

மறுநாள் டீலர்கள் பாதிச் சிரிப்பிலேயே பக்கம் மாற்றி மாற்றித் திரையைக் குத்தினார்கள். மெஷின் அசரவில்லை. சாயங்காலமே அவள் வேலை நிரந்தரமானது. "இனி வீட்டுல உன்னைக் கையில பிடிக்க முடியாது," என்று அலுத்துக்கொண்டே அண்ணி அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

அந்தச் சிரிப்பை இன்றுவரை முழுசாகப் பார்த்தவர்கள் இரண்டு பேர்: ஒருவர் முதலாளி, இன்னொருவர் சம்பளத்துக்குப் பார்த்த அண்ணி.