விடியுமுன் பறிக்கிற கூலி

செல்லத்தாயைக் கண்ணாடி விரியன் கடித்த பிறகு நான்கு நாளாகச் சிவனாண்டியின் மல்லிகைத் தோட்டத்துக்கு ஆள் போகவில்லை. உசிலம்பட்டிக்குக் கிழக்கே இருந்த அந்த ஒன்றரை ஏக்கரில் வழக்கமாக ஒன்பது பெண்கள் பறிப்பார்கள். விடிவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போதே நெற்றியில் லைட்டை மாட்டிக்கொண்டு இறங்கினால்தான் பூவை மொட்டாகப் பறித்து, மதுரை மார்க்கெட்டுக்குப் போகிற முதல் வண்டியில் ஏற்ற முடியும். பிந்திப் போகிற பூவுக்குப் பாதி விலைதான்.

கடிபட்ட அன்றைக்குச் செல்லத்தாய்க்குப் பக்கத்துச் சாலில், அடுத்த செடி வரிசையில், நின்றவள் கனகா. "ஏதோ முள்ளு குத்திருச்சுடி" என்று செல்லத்தாய் சொன்னதும், கனகா லைட்டைக் கீழே திருப்பினாள். செடித் தூரில் தடித்த உடம்பொன்று, அவசரமே இல்லாமல், உள்ளே ஊர்ந்து போனது. செல்லத்தாய் பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் சிறுநீர் பிரியாமல் பெரியாஸ்பத்திரியில் குழாயும் ஊசியுமாகக் கிடந்தாள். கனகாவுக்குக் கட்டிலிலிருந்து காலைத் தரையில் வைக்கவே பயமாக இருந்தது. விளக்குமாறு சாய்ந்து விழுந்தாலும் கட்டிலில் ஏறி நின்றாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் சிவனாண்டியே பறிக்கிற பெண்களின் தெருவுக்கு வந்தார். பெண்கள் குழாயடியில் கூடினார்கள்.

"நாளைக்கழிச்சு முகூர்த்தம். பூ என்ன வெலைக்குப் போகும்னு ஒங்களுக்கே தெரியும். பறிகூலி கிலோவுக்கு அறுவது குடுத்தேன். எம்பது தாரேன், வாங்க."

"காசுக்கு இல்லண்ணே" என்றாள் கனகா. "வெளிச்சம் வந்தபெறகு எறங்குறோம். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்சு வாங்கிக் குடுங்க. அதே அறுவது போதும்."

"விடிஞ்சு எறங்குனா மொத வண்டி போயிருமேத்தா. அப்புறம் எனக்கு என்ன மிஞ்சும்? சரி, நூறு. இருட்டோட எறங்குங்க."

பக்கத்தில் நின்ற தங்கப்பொண்ணு, "நூறுங்கிறாருடி" என்று கனகாவின் முழங்கையைக் கிள்ளினாள். கனகா கணக்குப் போட்டாள். காலையில் நான்கு கிலோ பறிப்பாள். நானூறு ரூபாய். திருப்பூரில் இருக்கிற புருஷன் அனுப்புவது அரிசிக்கே சரியாகிவிடும்.  ஆனாலும் முடியாதென்று தலையசைத்தாள். மற்றவர்களும் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார்கள்.

"ஒங்களை விட்டா எனக்கு ஆளா இல்ல?" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார் சிவனாண்டி.

மறுநாள் மத்தியானம், பூ ஏற்றும் ஆட்டோக்காரர் கருத்தக்கண்ணன் சேதி சொன்னார். "ராமநாதபுரம் பக்கமிருந்து எட்டுப் பேரு வாராக. எழுவதுக்குப் பேசியாச்சு. பாம்பு விசயம் அவுகளுக்குத் தெரியாது. நீயும் வாயத் தொறக்காத கனகா. நீதான் சொன்னேன்னு தெரிஞ்சா இந்தச் சுத்துப்பட்டுல எவனும் ஒன்னைய வேலைக்குக் கூப்பிட மாட்டான்."

சொல்வதா வேண்டாமா என்று அவள் அன்று முழுக்கப் புழுங்கினாள். மறுநாள் விடிகாலை நான்கு மணிக்கு, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டாள். வரப்பில் ஒவ்வோர் அடிக்கும் கம்பால் தட்டித் தட்டி நடந்தாள். 

தோட்டத்து மேட்டில் வேன் நின்றது. ராமநாதபுரத்துப் பெண்கள் பூப் போடச் சேலையை மடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி காலில் செருப்புக்கூட இல்லை.

"அக்கா, எறங்காதீக. அஞ்சாறு நாளைக்கு முந்தி இந்தத் தோட்டத்துலதான் ஒருத்தியக் கண்ணாடி விரியன் கடிச்சிருச்சு. அந்தக் கெணத்துப் பக்கம், மூணாஞ்சாலு. அத இன்னும் அடிக்கல."

சிவனாண்டியின் டார்ச் வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது. அவர் திட்டவில்லை. "கனகாவா?" என்று மட்டும் கேட்டார். 

எட்டுப் பேருக்கும் மூத்தவளான செல்லக்கிளி கனகாவை ஏற இறங்கப் பார்த்தாள். "பாம்பு எங்கூருலயும் இருக்கு தாயி. வேலதான் இல்ல" என்றாள். பிறகு சிவனாண்டி பக்கம் திரும்பினாள். "எழுவதுக்குப் பேசும்போது இதச் சொல்லலியே?"

செருப்பில்லாதவள் போய் வேனில் உட்கார்ந்துகொண்டாள். இன்னும் இரண்டு பேர் அவள் பின்னால் ஏறினார்கள். மற்றவர்களும் ஏறிவிடுவார்கள் என்று கனகா நினைத்தாள்.

"நூறுன்னா எறங்குறோம்" என்றாள் செல்லக்கிளி.

"சரி" என்றார் சிவனாண்டி, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

மீதி ஐந்து பேரும் தோட்டத்துக்குள் இறங்கினார்கள். கனகாவால் வீட்டுக்குப் போக முடியவில்லை. மேட்டிலேயே நின்று, செடிகளுக்கு நடுவே அசைகிற ஐந்து வெளிச்சத்தையும் எண்ணிக்கொண்டிருந்தாள். யாராவது குனிந்தால் ஒன்று குறையும். அது திரும்ப எழும்பும் வரைக்கும் அடுத்ததை எண்ணமாட்டாள். தான் வாய் திறந்ததால் அவர்களுக்குக் கிலோவுக்கு முப்பது ரூபாய் கூடியது, அவ்வளவுதான். கிழக்கு வெளுத்து, ஐவரும் மடி நிறையப் பூவோடு கரையேறியபோது அவள் இன்னொரு தடவை ஐந்தென்று எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினாள்.

முகூர்த்தம் முடிந்ததும் கூலி மறுபடி எழுபதுக்கு இறங்கியது. ஐந்து பேரும் தோட்டத்து மோட்டார் அறையில் தங்கிப் பறித்தார்கள். வேனில் ஏறிய மூவரும் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டார்கள். நூறு ரூபாய்க் கூலி கைவிட்டுப் போன ஆத்திரத்தில் தங்கப்பொண்ணு கனகாவோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. கருத்தக்கண்ணன் சொன்னது போலவே ஒரு மாதம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அதற்கப்புறம், இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கால் ஏக்கர் மல்லிகை வைத்திருந்த தாமரைச்செல்வி ஆள் அனுப்பினாள். "நான் உள்ளூர்க் கடைக்குத்தேன் பூப் போடுறேன். விடிஞ்சு எறங்கு, பூட்சும் தாரேன். ஆனா அம்பதுக்கு மேல முடியாது." கனகா பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டாள்.

வெளிச்சத்தில் பறித்தும் பயம் போகவில்லை. ஒவ்வொரு செடியையும் கம்பால் உலுக்கிவிட்டே கை வைப்பாள். நான்கு கிலோ பறித்த கை இப்போது மூன்றைத் தாண்டுவதில்லை. ஏழரை மணிவாக்கில், பூவைக் கடைக்கு ஏற்றிப்போகக் கருத்தக்கண்ணனின் ஆட்டோ வரும் சத்தம் கேட்டதும் பறிப்பதை விட்டுவிட்டு ரோட்டோரம் போய் நிற்பாள்.

"அண்ணே, அந்தத் தோட்டத்துல அஞ்சு பேரும் கரையேறிட்டாகளா?"

"ஏறியாச்சு, ஏறியாச்சு" என்பார் அவர். "நாளைக்கும் இதையே கேளு. பூச்சாக்கத் தூக்கிப் போடுத்தா, நேரமாச்சு."