அடியில் ஒரு வளையம்

நெஸ்டா பிரீஸுக்கு யோகம் அடித்துவிட்டது என்ற செய்தியை முரியலிடம் கொண்டுவந்தவன் அவள் கணவன் ஐவர். சும்மா வந்தானா என்றால் அதுவும் இல்லை. நெஸ்டா கொடுத்த பழ ரொட்டியில் பாதியை வாயில் மென்றுகொண்டும் மீதியைக் கையில் பிடித்துக்கொண்டும் வந்தான்.

"க்ளன் பக்கம் அந்தப் பண்ணை வீட்டு ஏலம் நடந்துச்சில்ல, அதுல ஒரு பெட்டி எடுத்தாளாம். அடியில கை விட்டுப் பாத்தா ஒரு காபிக் கெண்டி. கன்னங்கரேல்னு இருக்கு. அசல் வெள்ளியாம்."

"எந்தப் பெட்டி?"

"சமையல்கட்டு சாமான் போட்டிருந்தாங்களே, அது. மேல உப்புக் கிண்ணமெல்லாம் கிடந்துச்சு பாரு."

முரியலுக்கு அந்தப் பெட்டியை நன்றாக ஞாபகம் இருந்தது. ஏலத்துக்கு முந்தின நாள் அவளே குனிந்து அந்த உப்புக் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தவள். வெறும் முலாம். 'குப்பை' என்று முனகிவிட்டு நகர்ந்துவிட்டாள். கையை இன்னும் ஒரு சாண் உள்ளே விட்டிருந்தால் கெண்டி அவளுடையது. அந்த ஒரு சாணை நினைத்து நினைத்து அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நெஸ்டாவின் ரொட்டியை மட்டும் ஐவர் ஒரு துணுக்கு விடாமல் தின்று தீர்த்தான்.

லட்லோ ஊர்ச் சந்தைக் கூடத்தில் வியாழக்கிழமை தோறும் பழம்பொருள் கடை போடுகிறவர்களில் முரியலும் நெஸ்டாவும் மூத்தவர்கள். இருபத்து நாலு வருஷமாக இருவர் மேசையும் எதிரெதிரே. நெஸ்டா லேஸ் துணி, பீங்கான், பொத்தான், கிடைத்ததையெல்லாம் விற்பாள். முரியல் வெள்ளியைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். யார் கையில் எந்தக் கரண்டி சிக்கினாலும் அதன் முத்திரையைப் படித்துச் சொல்ல அவளிடம்தான் கொண்டுவருவார்கள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட லென்ஸைக் கண்ணில் வைத்து, எந்த ஊர், எந்த வருஷம், யார் கைவேலை என்று பேப்பர் படிக்கிற மாதிரி படித்துவிடுவாள். பைசா வாங்கமாட்டாள். அந்த மரியாதை ஒன்றே அவளுக்குப் போதும். அதில் வேறு யாரும் பங்குக்கு வராதவரை.

அந்த வியாழன் நெஸ்டாவும் கெண்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவளிடமே வந்தாள்.

"இதைக் கொஞ்சம் படிச்சு சொல்லேன்டி முரியல். எனக்கு இந்த எழுத்தெல்லாம் எங்க புரியுது?"

பின்னாலேயே ஏலக்காரர் கிட்டின்ஸ் வந்து நின்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள். துணியை விலக்கியதும் முரியலின் கை தானாக லென்ஸுக்குப் போனது. இடுப்பே இல்லாத நேரான உடம்பு, மேலே போகப் போகக் குறுகி, ஒரு பூ வேலை கிடையாது. இந்த மாதிரி ஒன்றைத் தேடி அவள் எத்தனை பண்ணை வீடுகளில் சேற்றை மிதித்திருப்பாள்.

கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் நாலு முத்திரை. நடக்கிற சிங்கம், அப்படியென்றால் வெள்ளி சுத்தம். கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை, அது லண்டன். செய்தவனின் முதலெழுத்துகள். கடைசியில் வருஷ எழுத்து, சின்ன 'ஏ'. லண்டன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு எழுத்தாக இருபது எழுத்து குத்தி முடித்ததும், எழுத்தின் வடிவை மாற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதனால் சின்ன 'ஏ' ஒரு முறைக்கு மேல் வரும்.

"எழுநூத்தி எழுபத்தாறா இருக்குமோ?" என்றார் கிட்டின்ஸ்.

"எழுபத்தாறுல கெண்டிக்கெல்லாம் தொப்பை வந்துடுச்சு மிஸ்டர் கிட்டின்ஸ். எண்ணூத்திப் பதினாறுன்னா அஞ்சாவதா ராஜா தலை முத்திரையும் குத்தியிருக்கணும். இது முப்பத்தாறு. ஆயிரத்து எழுநூத்தி முப்பத்தாறு."

சொல்லும்போதே அவளுக்கு நாக்கு கசந்தது. தன் வாயாலேயே நெஸ்டாவுக்கு மாலை போடவேண்டியிருக்கிறதே என்றிருந்தது. ஆனால் இன்னும் ஒரு சோதனை பாக்கி. அந்தக் காலத்தில் எடைக்குத் தகுந்தபடி வெள்ளிக்கு வரி. சில தட்டான்கள் ஒரு சின்னக் கிண்ணத்துக்கு மட்டும் வரி கட்டி முத்திரை வாங்கி, முத்திரை உள்ள வட்டத்தை அப்படியே வெட்டி, பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றவைத்துவிடுவார்கள். மெருகு போட்ட பிறகு கண்ணுக்குத் தெரியாது. வாயால் ஊதினால் மட்டும், மூச்சின் ஈரத்தில் பற்றவைத்த இடம் வளையமாக எழுந்து வரும்.

முரியல் ஊதினாள். இரு, இரு, வா, வந்துவிடு என்று மனசுக்குள் அந்த வளையத்தைக் கெஞ்சினாள். பனி படர்ந்தது, மறைந்தது. சுத்தம். மறுபடி ஊதினாள். துடைத்து வைத்த தட்டுப் போல் சுத்தம். தலை நிமிர்ந்தபோது எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஸ்டாவின் முகத்தில் ஒரு பூரிப்பு. அதைத்தான் முரியலால் தாங்க முடியவில்லை.

"லேசா ஏதோ கோடு மாதிரி தெரியுது," என்றாள்.

கிட்டின்ஸ் குனிந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

"முதல்ல உங்க மூக்குக் கண்ணாடியைத் துடைங்க. எதுக்கும் லண்டன்ல பழைய வெள்ளியைச் சோதிக்கிற குழுவுக்கு அனுப்பிடு நெஸ்டா. அவங்க சரின்னு சொல்லாம விக்காதே. நாளைக்கு உன் பேருதான் கெடும்."

முரியல் கோடு என்றால் கோடுதான். மறுவாரத்துக்குள் கூடம் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. கெண்டியைப் பார்க்க யாரும் வரவில்லை. நெஸ்டா அதைப் பொதிந்து லண்டனுக்கு அனுப்பிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் வழக்கப்படி பத்தரை மணிக்கு முரியலுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். அந்த டீயைக் குடிக்கையில் முரியலுக்குக் கூசாமல் இல்லை. கூசியது. ஆனால் கூச்சத்தைவிடச் சந்தோஷம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அவள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு குவளை உண்டு. மூடி போட்ட பெரிய பீர்க் குவளை, 1741 லண்டன் முத்திரை. எதிரே 'விற்பனைக்கு அல்ல' என்று அட்டை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் கிட்டின்ஸ் ஏலத்தில் நெஸ்டாவோடு மல்லுக்கட்டி வாங்கியது. பொருளைப் பார்வைக்கு வைத்த நாளில் முரியல் அந்தக் குவளை பக்கமே போகவில்லை. ஆசைப்பட்ட பொருளைத் தொட்டால் மற்றவர்களுக்கு மோப்பம் பிடித்துவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது. தூரத்தில் நின்று நெஸ்டா அதை முகத்தருகே தூக்கிப் பார்ப்பதை மட்டும் பார்த்தாள். அதுவே போதுமாக இருந்தது. ஏலத்தில் நெஸ்டா ஏற்றினாள், முரியல் ஏற்றினாள், நெஸ்டா ஏற்றினாள், முரியல் இன்னும் ஏற்றினாள். சட்டென்று நெஸ்டா தலையாட்டி விலகிக்கொண்டாள். "அன்னைக்கு அவ மூஞ்சியைப் பாக்கணுமே" என்று முரியல் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை.

ஏழு வாரம் கழித்து லண்டனிலிருந்து கடிதம் வந்தது. கெண்டியில் ஒட்டும் இல்லை, ஒரு குறையும் இல்லை. 1736. கிட்டின்ஸ் அதை மார்ச் மாத ஏலப் புத்தகத்தின் அட்டையிலேயே போட்டுவிட்டார். கூடத்தில் நெஸ்டாவைக் கட்டிப்பிடிக்காதவர்கள் இல்லை. முரியலும் கட்டிப்பிடித்தாள். கன்னத்தோடு கன்னம் ஒட்டியபோது காது வழியே புகை போவது வெளியே தெரிந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"பார்வை நாள்ல கெண்டி மட்டும் தனியா நின்னா அனாதை மாதிரி இருக்கும் மிஸ்டர் கிட்டின்ஸ்," என்றாள். "பக்கத்துல என் குவளையையும் வைங்க. சனங்க ரெண்டையும் பாக்கட்டும்."

"அதைக் கொடுப்பியா நீ?" என்று கிட்டின்ஸ் வாயைப் பிளந்தார்.

"நெஸ்டாவுக்காகக் கொடுக்கறேன்," என்றாள் முரியல், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

பார்வை நாள் காலையில் உறைபனி. வேனில் போர்வைக்குள் கிடந்த குவளையை ஐவர் தூக்கிக்கொண்டு முரியலின் பின்னாலேயே கூடத்தின் பின்புறச் சமையலறைக்கு வந்தான். நெஸ்டா அங்கே பெரிய டீ பாய்லரைத் திறந்து வைத்துக்கொண்டு கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அறை முழுக்க ஆவி.

"மூடி ஆடுதும்மா," என்று சொல்லிக் குவளையைப் பலகைமேல் படுக்கவைத்துவிட்டு ஐவர் பிஸ்கட் தேடப் போனான். அவனுக்கு எந்த நேரமும் தீனிதான்.

விறைத்துக் கிடந்த வெள்ளிமேல் ஆவி படிந்தது. முரியல் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள். வெண்மையாகப் பனி படர்ந்தது. அதன் நடுவே, நாலு முத்திரையையும் சுற்றி, மெல்லிய கோடு ஒன்று சுற்றி வந்து சேர்ந்தது. தேநீர்க் கோப்பையின் அடித்தடம் அளவுக்கு ஒரு வளையம்.

மூடிக்கும் தனியாக முத்திரை இருக்கவேண்டும். மூடியின் உள்ளே ஏன் முத்திரை இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் 'தேய்ஞ்சு போச்சு' என்று சொல்லி வந்தது ஞாபகம் வந்தது. ஊரான் வீட்டுக் கரண்டியையெல்லாம் ஊதிப் பார்த்தவள், இருபத்திரண்டு வருஷத்தில் இதை ஒரு தரம்கூட ஊதவில்லை.

நெஸ்டாவின் கை குறுக்கே வந்தது. ஏப்ரனால் அடியை ஒரு துடை துடைத்து, குவளையை நிமிர்த்தி வைத்துவிட்டு, மறுபடி கோப்பை அடுக்கப் போனாள். திகைப்போ கேள்வியோ இல்லை. அந்த வேகத்திலேயே முரியலுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"விடுடி."

"எப்பலேருந்து?"

"அப்பவே. பார்வைக்கு வெச்சிருந்தப்ப ஊதிப் பாத்தேன்."

"அப்புறம் ஏன்டி ஏலத்துல ஏத்தின?"

நெஸ்டா கோப்பையைக் கீழே வைத்தாள். "நீ வாங்கணும்னுதான். என்னைக் கண்டா அப்பல்லாம் நீ பெரிய ராணி மாதிரி பாப்ப. நான் ஏத்தினா நீ விடமாட்டேன்னு தெரியும். ஒரு வருஷம் அதை நினைச்சு நினைச்சு சிரிச்சிருக்கேன். அப்புறம் பழகிட்டோம். பழகினப்புறம் எந்த மூஞ்சியோட சொல்றது?"

முரியல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "உன் கெண்டியில கோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்கே பாத்தேன். பொய் சொன்னேன்."

"தெரியும். நானும் ஊதிப் பாத்துட்டுத்தானே உன்கிட்ட கொண்டு வந்தேன்."

"தெரிஞ்சே எதுக்குக் கொண்டு வந்த?"

"அசல்னு உன் வாயால கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. கதவருகே ஐவர் பிஸ்கட்டோடு வந்து நின்று, "கிட்டின்ஸ் குவளையைக் கேக்கறாரு. ஆளுங்க வந்தாச்சு," என்றான்.

"மூடி உடைஞ்சு போச்சுன்னு சொல்லிடு ஐவர்," என்றாள் நெஸ்டா சட்டென்று.

முரியல் எழுந்தாள். நெஸ்டாவின் தயவில் இனி ஒரு வியாழக்கிழமைகூடத் தள்ள அவளால் முடியாது. மரியாதை போனால் தன் கையாலேயே போகட்டும். குவளையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய், அட்டைப் படத்துக் கெண்டிக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"மிஸ்டர் கிட்டின்ஸ், இதை ஊதிப் பாருங்க. நான் ஏமாந்த லட்சணத்தை எல்லாரும் பாக்கட்டும். லண்டன் பாத்து அனுமதி கொடுக்காம இதை விக்கக்கூட முடியாது."

கிட்டின்ஸ் ஊதினார். வளையம் எழுந்தது. "அடேயப்பா," என்றார். பின்னால் நின்ற பீங்கான் கடைக்காரன் தன்னையும் ஊதவிடச் சொன்னான். இத்தனை நாள் இந்தத் திருட்டைக் கேள்விப்பட்டவர்கள்தான் உண்டு, கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. அடுத்தவள் ஊதினாள், அவளுக்கு அடுத்தவன் ஊதினான். வரியை ஏய்த்த அந்தத் தட்டானின் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வரிசை வாசல்வரை நீண்டது. முரியல் லென்ஸைக் கையில் எடுத்து, முத்திரை எந்தக் கிண்ணத்திலிருந்து வந்திருக்கும் என்று விளக்க ஆரம்பித்தாள். ஒருவர் விடாமல் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

ஒரு தரம் தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லாத தன் கெண்டிக்குப் பக்கத்தில் நெஸ்டா தனியாக நின்றிருந்தாள். உதட்டில் சிரிப்பு இருந்தது. கண் மட்டும் குவளையைச் சுற்றி நின்ற கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையைப் படிக்க முரியலுக்கு லென்ஸ் தேவைப்படவில்லை.

"தள்ளுங்க, தள்ளுங்க," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "நெஸ்டாவும் ஒரு தரம் ஊதட்டும்."