கேட்டுதா என்று கேட்டார்கள்

பக்கத்து வீட்டுக் கிளாரிஸ் செத்துப்போன பிறகும் தேநீருக்குக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. எட்னா இதை வாய்விட்டுச் சொன்னதுதான் தாமதம், மகன் கீத் முதியோர் இல்லத்தில் இடம் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

இங்கிலாந்தின் பர்ன்லியில் அந்தத் தெரு வீடுகளெல்லாம் ஒட்டிப் பிறந்தவை. கணப்பைக் கிளறும் கம்பியால் பெண்கள் நடுச்சுவரைத் தட்டுவார்கள். இரண்டு தட்டென்றால் தேநீர் தயார், வா. மூன்றென்றால் ஏதோ விபரீதம், ஓடி வா. ஆண்பிள்ளைகள் அந்தக் கம்பியால் நெருப்பைக் கிளறுவதோடு சரி. சுவரில் தட்டினால் மானம் போய்விடும் அவர்களுக்கு.

இப்போதும் தினம் பிற்பகலில் இரண்டு தட்டு வந்தது. எட்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிலுக்கு இரண்டு தட்டுவாள். சவ அடக்கத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் படியேற அவளுக்கு மனசு வரவில்லை. சுவர் போதுமென்றிருந்தாள்.

"பக்கத்து வீட்டு வில்ஃப் கிட்டயே கேட்டுட்டேம்மா. தட்டுற சத்தம் எதுவும் கேக்கலன்னுட்டாரு. உனக்குத்தான் மண்டைக்குள்ள தட்டுது" என்றான் கீத்.

கிளாரிஸின் புருஷன் வில்ஃப் சத்தியவான். பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று தெருவுக்கே தெரியும்.

எட்னா விடவில்லை. ஆவிகளை ஆராயும் ஹார்க்னஸ் என்பவரை வரவழைத்தாள். அவரும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் பேசாமல் இல்லத்துக்குப் போய்விடுவதாகப் பேச்சு. அவர் புகைபோக்கியில் நூல் கட்டி, தரையில் மாவு தூவி, ஒலிப்பதிவுப் பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். எட்னா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் செய்த வீடு, பைத்தியம் என்ற பெயரோடு போய்விடுமோ?

டொக். டொக்.

"தண்ணிக் குழாய்" என்றான் கீத், முகம் வெளுத்து.

"குழாய்க்கு ரெண்டோட நிறுத்தத் தெரியாது தம்பி." ஹார்க்னஸ் எட்னாவிடம் திரும்பினார். "ரெண்டு தட்டினா என்னம்மா அர்த்தம்?"

"தேநீர் ரெடி, வான்னு அர்த்தம்."

"போனீங்களா?"

"செத்தவ கூப்பிட்டா எங்கய்யா போறது?"

"அவங்க வீட்டுக்குத்தான். இத்தனை நாளா கூப்பிடறாங்களே, பாவம்."

எட்னா எழுந்தாள். மற்ற இருவரும் கூடவே கிளம்பினார்கள். பின்வாசல் வழியாகப் போய், கிளாரிஸ் வீட்டு அடுக்களைக் கதவைத் தள்ளினாள்.

மேஜைமேல் இரண்டு கோப்பை. கணப்பருகே கம்பியும் கையுமாக வில்ஃப், திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றார்.

கீத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்ககிட்ட நான் கேட்டேனா இல்லியா?"

நெசவாலைத் தறிச்சத்தம் தின்ற காது வில்ஃபுடையது. வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார்; அதனால் அவருக்குக் காது கேட்காதென்பது தெருவுக்கே மறந்துபோயிருந்தது.

"சத்தம் கேட்டுதான்னு கேட்டே. எனக்கு எதுடா கேக்குது? தட்டினீங்களான்னு ஒருத்தரும் கேக்கலியே."

ஹார்க்னஸ் தலையைச் சொறிந்தார். அவரும் காலையில் அதைத்தான் கேட்டிருந்தார்.

வில்ஃப் எட்னாவைப் பார்த்தார். "தனியாக் குடிக்க முடியல, எட்னா. நீ வருவேன்னு பாத்தேன். கோவமோன்னு நெனச்சேன்."

"தட்டினேனே, வில்ஃப்! தினமும் திருப்பித் தட்டினேனே!"

அவர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததும் கம்பியைக் கீழே வைத்தார்.

அவள் புத்தி தெளிவு என்று நிரூபணமாகிவிட்டது. வீடும் தப்பியது. சந்தோஷப்பட வேண்டிய எட்னா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, சிறுபிள்ளை மாதிரி விசும்பினாள்.

"அப்போ அவ வரவேயில்ல. ஒரு நாள்கூட வரல."

கீத் அவள் காலடியில் குந்தினான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"பேயாவே இருந்திருக்கலாம்மா."