தக்காளி என்று பெயரிட்ட போர்வை

1

இந்தக் கதை ஒரு கிண்டலாகத்தான் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் எங்கள் ஊர்க் கண்காட்சித் திடலில், மற்ற நாட்களில் கன்றுக்குட்டிகள் நிற்கும் கொட்டகையில், துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வைச் சங்கத்தின் கோடை விழா. எனக்குக் கிடைத்தது வெள்ளைக் கையுறை வேலை. தொங்கும் போர்வைகளை யாரும் தொடக் கூடாது. பின்பக்கத் தையலைப் பார்க்க ஆசைப்பட்டால் கையுறை போட்ட ஒருத்தி வந்து ஓரத்தைத் தூக்கிக் காட்டுவாள். அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றபோது அதில் குத்தியிருந்த நடுவர் குறிப்பைப் படித்தேன். 'அழுகலைப் பற்றிய துணிச்சலான தியானம்.' போர்வையில் பழுப்பு வட்டங்கள். பெயர்: 'தக்காளி'.

இதை எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். தைத்தவளை எனக்குத் தெரியாது. ஆகவே ஒருத்தியை உண்டாக்க வேண்டியதாயிற்று. வினை அங்கேதான் பிடித்தது.

2

முதல் தொடக்கம்: 'ஆர்டிஸ் லண்ட்க்விஸ்ட் வண்ணங்களின் அரசி.' (அடித்துவிட்டேன். எங்கள் சங்கச் செய்திமடலில் ஆளுக்கொரு அரசிப் பட்டம் உண்டு. ஓரம் மடிப்பதற்குக்கூட ஓர் அரசி இருக்கிறாள்.)

இரண்டாவது: 'சாய வாளியில் கை விடும்போதெல்லாம் ஆர்டிஸுக்குத் தன் அம்மா' (வேண்டாம். அம்மா வந்தால் கதை மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடும்.)

மூன்றாவது: 'முதலில் சிவப்பு போகும், பிறகு மற்றவை ஒவ்வொன்றாக என்றார் கண் மருத்துவர்.'

இது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அடிக்கப் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

3

ஆர்டிஸ் தன் துணிக்குத் தானே சாயம் போடுகிறவள். வீட்டு நிலவறையில் வகுப்பும் எடுப்பாள். முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான்.

"பேரை ஜாடி வயித்துல எழுதுங்க. மூடியில எழுதாதீங்க. மூடிக்குக் கால் உண்டு, நடந்து போயிடும்."

"உங்க ஜாடி வயித்துல ஒண்ணையும் காணோமே?" என்றாள் ஒரு மாணவி.

"என் மூடிங்க எனக்கு அடங்கி நடக்கும்டி."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஜாடிகளில் பெயர் மூடிமேல் மட்டும்தான்.* ஈரக் காகிதத்தில் ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவினால் நிறம் தானே சொல்லும். அந்தக் கண் இருக்கிறவளுக்கு எழுத்து எதற்கு?

(*ஆசிரியர்கள் தாங்கள் செய்யாததைத்தான் அழுத்திச் சொல்வார்கள். நானும் 'சிறுகதையில் நோயைக் கொண்டுவராதீர்கள்' என்று வகுப்பெடுத்திருக்கிறேன்.)

மருத்துவர் சொன்னதை ஆர்டிஸ் யாரிடமும் சொல்லவில்லை. சிவப்பு ஏற்கெனவே பழுப்பாகத் தெரியத் தொடங்கியிருந்தது. கண்ணில் இல்லாவிட்டால் என்ன, கணக்கு கையில் இருக்கிறதே: இவ்வளவு பொடி, இவ்வளவு சலவைச் சோடா, இவ்வளவு நேரம். தான் பார்க்க முடியாவிட்டாலும் பிறர் பார்க்கட்டும் என்று, தன் தோட்டத்துத் தக்காளியின் நிறத்தில் கடைசியாக ஒரு போர்வை செய்ய நினைத்தாள். ஒரே ஒரு போர்வை, முழுக்கச் சிவப்பு.

அதற்கு முந்தைய வாரம் வகுப்பு முடிந்ததும் மாணவிகள் மூடிகளைக் கழுவி, ஜாடிகளைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல பெண்கள். சிவப்பின் மூடியைப் பழுப்பு ஜாடிமேல் போட்டுவிட்டார்கள்.

வாளியிலிருந்து துணியை எடுத்தாள். பழுப்பு. அவளுக்குத்தான் சிவப்பெல்லாம் பழுப்பாயிற்றே. ஆகவே பழுப்பைக் கண்டதும், சிவப்பு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று நிம்மதியானாள்.

4

கணவன் ஆர்லனை வைத்துக்கொள்வதா, நீக்குவதா? கண் நன்றாகத் தெரிகிற ஓர் ஆள் வீட்டில் இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிட வேண்டும். அடித்தேன். பிறகு எங்கள் ஊர் ஆண்களை நினைத்துக்கொண்டு திரும்ப எழுதினேன்.

"எப்படி இருக்கு, ஆர்லன்?"

"வித்தியாசமா இருக்கு."*

"ரொம்பச் செவப்பாயிடுச்சோ?"

ஆர்லன் போர்வையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கல்யாணமான புதிதில் ஒரு துணியை நீலம் என்று சொல்லிவிட்டு, அது ஏன் நீலமில்லை என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பாடம் கேட்டவன் அவன்.

"நிறத்தைப் பத்தி நான் பேசுவேனா? நீ சொன்னா சரிதான். சாப்பாடு ஆச்சா?"

(*எங்கள் ஊரில் பிடிக்கவில்லை என்பதற்கு இதைவிடக் கடுமையான சொல் கிடையாது.)

5

நோயை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். சிரிப்பு மிச்சமிருந்தது, ஆர்டிஸ் காணாமல் போனாள்.

நோயை வைத்துக்கொண்டு மூடிகளைச் சரியாகப் போட்டுப் பார்த்தேன். அசல் சிவப்புத் தக்காளி, மூன்றாம் பரிசு, 'ஓரத் தையலில் இன்னும் கவனம் தேவை' என்று குறிப்பு. அப்போதும் அவளுக்கு அது பழுப்புதான்.

அதன் பிறகு நான் கிண்டல் எழுதுவதாக...

6

பரிசளிப்பு. சங்கத் தலைவி லவோன் ப்ரூயிட் ஒலிவாங்கியைப் பிடித்தால் காபி ஆறும், சீஸ் தட்டு காயும்.

"தக்காளின்னு பேரு வெச்சுட்டு தக்காளியையே மறுத்திருக்கா நம்ம ஆர்டிஸ்! வாழ்நாள் பூரா கலரிலேயே முங்கிக் கெடந்தவ, இந்த வயசுல கலரைத் தூக்கி எறிய எவ்வளவு நெஞ்சுரம் வேணும்! பாருங்க, ஒரு பொட்டுச் செவப்பு உண்டா? மூலைக்கு மூலை பழுப்பு! வெறும் பழுப்பு!"

கைதட்டல். ஆர்டிஸ் மேடையில் இருந்தாள். சிரித்த முகத்தோடு வந்தவள். சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வகுப்புல அந்தப் பழுப்பைத்தான் கத்துத் தரணும், சொல்லிட்டேன்!" என்று கீழேயிருந்து ஒருத்தி கத்தினாள்.

"ரகசியத்தை மூடி வெச்சுக்காத, ஆர்டிஸ்!"

விழாவின் தலைசிறந்த போர்வைக்கான ஊதா ரிப்பனைக் குத்தினார்கள். அவளுக்கு அது சாம்பல். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். போர்வையை நோக்கிக் கை நீட்டினாள்.

"அடியே, கையுறை!" என்றாள் லவோன். தைத்தவளும் வெறுங்கையால் தொடக் கூடாது என்பது சங்க விதி.

7

முடிவு, முதல் வகை: ஆர்டிஸ் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். பிறகு லவோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது இன்னும் ஆழமா இருக்கே" என்கிறாள். அடுத்த கோடை விழாவுக்குத் தலைப்பு கிடைத்துவிடுகிறது: 'பார்வைக்கு அப்பால்'. நன்கொடை குவிகிறது. மேடையில் ஆர்டிஸுக்கு ஒரு நாற்காலி.

இரண்டாம் வகை: "நன்றி" என்று மட்டும் சொல்கிறாள். வகுப்பு நிரம்புகிறது. அவள் பழுப்பைக் கற்றுத் தருகிறாள். பேரை ஜாடி வயிற்றில் எழுதச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை, குறித்துக்கொள்கிறார்கள்.

மூன்றாம் வகை: ஆர்லன் எழுந்து (முடியவில்லை. எத்தனை முறை எழுப்பினாலும் அவன் உட்கார்ந்துவிடுகிறான்.)

சிவப்பைத் திருப்பிக் கொடுக்கிற முடிவு ஒன்று இருந்தால் எழுதியிருப்பேன். தேடாமல் இல்லை.

8

எனக்குக் கை வலிக்கிறது. இவ்வளவு நேரமும் அந்தப் போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது நான்தான். இந்தாருங்கள், கையுறை. கொஞ்சம் பெரிதாக இருக்கும், பரவாயில்லை. ஓரத்தை இப்படிப் பிடித்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் படும்படியாக.

ஆர்டிஸ் ஒலிவாங்கியைத் தாழ்த்திவிட்டாள். கூட்டம் காத்திருக்கிறது. அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. உங்கள் பக்கம் குனிந்து, உங்களுக்கு மட்டும் கேட்கும்படி கேட்கிறாள்:

"ஏங்க, உங்களை எனக்குத் தெரியாது. அதனாலதான் கேக்கறேன். நல்லாப் பாத்துச் சொல்லுங்க, எங்கயாச்சும் ஒரு ஓரத்துல செவப்பு இருக்கா?"